லிஃப்ட் வைத்த கோட்டையைப் பார்க்க வேண்டுமா?

கேள்வி: அடுத்த வசந்த காலத்தில் பெற்றோருடன் ஜப்பான் செல்கிறோம். ஓசாகா கோட்டைக்குள் கான்கிரீட் சுவரும் லிஃப்டும்தான் இருக்கின்றன, சாமுராய் காலத்துச் சுவடே இல்லை என்று போய்வந்த நண்பர் சொல்கிறார். அதற்காக ஒரு பகலை ஒதுக்கலாமா?

பதில்: தாராளமாக ஒதுக்கலாம், ஆனால் நுழைந்ததும் கோபுரத்தை நோக்கி விரைய வேண்டாம். உங்கள் நண்பர் சொன்னது கோபுரத்துக்கு மட்டுமே பொருந்தும். ஜப்பானை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த படைத்தலைவர் டொயோட்டோமி ஹிதெயோஷி 1583-இல் கட்டத் தொடங்கிய கோட்டை 1615-ஆம் ஆண்டுப் போரில் எரிந்து வீழ்ந்தது. அந்தப் போரில் வென்ற டோக்குகாவா ஆட்சி மரபினர் அதை மண்ணிட்டு மூடி, மேலே புதிய கோட்டையை எழுப்பினார்கள். அவர்களுடைய கோபுரமும் 1665-இல் இடி விழுந்து எரிந்துபோனது. அதன்பின் 266 ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்த அந்தக் கல் அடித்தளத்தின் மேல், நகர மக்கள் திரட்டித் தந்த நன்கொடையில் 1931-இல் எழுந்ததுதான் நீங்கள் காணப்போகும் கோபுரம். முந்தைய இரண்டு கோபுரங்களும் நின்ற காலத்தைக் கூட்டினாலும் இதன் வயதுக்கு எட்டாது. 1945-ஆம் ஆண்டுக் குண்டுவீச்சையும் தாங்கி நின்ற இதைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாமுராய் காலம் அங்கே கற்களில் இருக்கிறது. சகுராமோன் வாயிலைக் கடந்ததும் எதிரே சுவராகவே நிற்கும் ஒற்றைக் கல்லின் முகப்பு சுமார் 59 சதுர மீட்டர். எடை 108 டன் இருக்கலாம் என்று கணித்திருக்கிறார்கள். அதன் கீழ்மூலையில் ஆக்டோபஸ் வடிவில் ஒரு கறை தெரியும்; ‘ஆக்டோபஸ் கல்’ என்ற பெயரே அதனால் வந்தது. சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் அடுக்கிய மதில்களை நெருங்கிப் பார்த்தால், சில கற்களில் வட்டமும் கோடுமாகச் சிறு குறிகள் செதுக்கப்பட்டிருக்கும். டோக்குகாவாவின் ஆணைப்படி கடல் வழியே கல் கொண்டுவந்த பிரபுக்கள், தம் கல் பிறர் கல்லோடு கலந்துவிடாதிருக்க இட்ட அடையாளங்கள் அவை. மண்ணுக்கடியில் புதைந்து, 1959-இல் கண்டறியப்பட்ட ஹிதெயோஷி காலத்து மதிலையும் 2025 முதல் இறங்கிப் பார்க்க முடிகிறது.

மரத்தால் ஆன பழைய கோபுரத்துக்குள் ஏற வேண்டும் என்றால், ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள ஹிமேஜி கோட்டைக்குச் செல்லுங்கள். 1609-இல் முடிந்த கோபுரம் அப்படியே நிற்கிறது. அங்கே லிஃப்ட் இல்லை. காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு செங்குத்தான மரப்படிகளில் ஏற வேண்டும். பெற்றோருக்கு முழங்கால் வலி இருந்தால், அவர்களுக்கு ஓசாகாவே ஏற்றது.