நூறு பேரில் எத்தனை பேருக்கு?

கேள்வி: 62 வயதான என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. இனிக் கீமோ ஏற்றினால் நோய் திரும்பும் வாய்ப்பு 25 வீதம் குறையும் என்று வைத்தியர் சொன்னார். அம்மா முழு விபரத்தையும் அறிய விரும்புகிறார். எண்களைக் கேட்டால் அவர் மனமுடைந்துபோவார் என்று மாமா தடுக்கிறார். என்ன செய்வது?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: கேளுங்கள். ஆனால் அந்த 25 வீதத்தோடு நின்றுவிடாதீர்கள், ஏனெனில் அது எதிலிருந்து குறைகிறது என்பது தெரியாதவரை அந்த எண்ணை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. கீமோ இல்லாமல் நூறு பேரில் 40 பேருக்கு நோய் திரும்பும் நிலையில் அது 30 ஆகக் குறைந்தாலும் 25 வீதந்தான். 4 பேர் 3 பேராகக் குறைந்தாலும் அதே 25 வீதந்தான். முதலாவதில் நூறு பேரில் பத்துப் பேர் பயனடைகிறார்கள். இரண்டாவதில் ஒருவருக்காக நூறு பேரும் கீமோ ஏற்றி, பலர் வாந்தியையும் முடி உதிர்தலையும், சிலர் வெள்ளணுக்கள் குறைவதால் வரும் தொற்றையும் நெடுநாள் நீடிக்கும் விரல் விறைப்பையும் தாங்க வேண்டியிருக்கிறது. விடியமுன் பஸ் ஏறித் தெல்லிப்பழையிலோ மகரகமையிலோ உள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வரும் வன்னிக் குடும்பத்துக்கு, மருந்து இலவசமாகக் கிடைத்தாலும், கூடப் போகிறவரின் நாட்கூலி இழப்பும் அந்தக் கணக்கில் சேர வேண்டியதே.

ஆகவே, "அம்மாவைப் போன்ற நூறு பேரில், கீமோ இல்லாமல் பத்து ஆண்டுகளில் எத்தனை பேருக்கு நோய் திரும்பும், ஏற்றினால் எத்தனை பேருக்கு?" என்று கேளுங்கள். கட்டியின் அளவு, அக்குள் நிணநீர்க்கணுக்களில் பரவல், கட்டியில் ஹோர்மோன் ஏற்பி (ஹோர்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்) இருக்கிறதா என்பது ஆகியவற்றைப் பொறுத்து விடை மாறும் என்பதால், அயலில் ஒருவருக்குச் சொல்லப்பட்ட எண் உங்களுக்குப் பொருந்தாது.

மாமாவின் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. 1982இல் அமெரிக்க உயிரியலாளர் ஸ்டீவன் ஜே கூல்டுக்கு வந்த அரிய புற்றுநோயின் இடைநிலை உயிர்வாழ்காலம் எட்டு மாதம் என்றிருந்தது. பாதிப் பேர் எட்டு மாதத்தைத் தாண்டுகிறார்கள் என்பதும் அதற்குள் அடங்கும் என்று கண்ட அவர், மேலும் இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். எண்ணைச் சரியாக வாசிக்கத் தெரியாதபோதுதான் அது மனத்தை உடைக்கிறது.

எவ்வளவு அறிய வேண்டும் என்பதை அம்மாவே சொல்லட்டும். சிகிச்சை தொடர்பான எண்கள் மட்டும் போதும், ஆயுள் பற்றிய எண் வேண்டாம் என்றும் அவர் சொல்லலாம். கேள்வியை முன்கூட்டியே கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டுபோய், வைத்தியர் சொல்லும் இரண்டு எண்களையும் அதன் கீழேயே குறித்துக்கொள்ளுங்கள்.