யார் சொல்லித் துடிக்கிறது?

வணக்கம். ஆய்வகத் தட்டில் வளர்த்த இதயத்தசைச் செல்கள் தாமாகவே துடிப்பதை ஒரு காணொளியில் பார்த்தேன். மூளை இல்லை, நரம்பும் இல்லை. யார் சொல்லித் துடிக்கின்றன? தனித்தனியே துடித்தவை தொட்டுக்கொண்டதும் ஒரே தாளத்துக்கு வந்தது எப்படி?
— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

யாரும் சொல்லவில்லை. நரம்பு இதயத்தின் வேகத்தைக் கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான். துடிப்பு செல்லுக்குள்ளேயே பிறக்கிறது.

ஓய்வில் செல்லுக்குள் கால்சியம் மிகவும் குறைவு; வெளியே ஏறத்தாழ 10,000 மடங்கு அதிகம். உள்ளே ஒரு சவ்வுப்பை கால்சியத்தை இழுத்துச் சேர்த்து வைக்கிறது. பை நிரம்ப நிரம்ப அதன் வாய்கள் அங்கங்கே கசியத் தொடங்கும். கசிந்ததை வெளியேற்றும் புரதம், ஒரு கால்சியத்தை அனுப்பும்போது மூன்று சோடியத்தை உள்ளே விடுகிறது. கால்சியத்துக்கு இரண்டு நேர்மின்னேற்றம், சோடியத்துக்கு ஒன்று; கணக்குப் போட்டால் ஒரு நேர்மின்னேற்றம் உள்ளே மிஞ்சும். இப்படிச் சேரும் மின்னோட்டம் செல்லின் வெளிச்சவ்வை உசுப்ப, அதன் வாசல்கள் திறந்து கால்சியம் பாய்கிறது. அது பட்டதும் பை மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. செல் சுருங்குகிறது. அப்புறம் பம்புகள் கால்சியத்தைப் பைக்கே திருப்ப, செல் தளர்கிறது. மீண்டும் நிரம்பல்.

வெளிச்சவ்வுக்கும் தானாக மெல்ல ஏறும் மின்னோட்டம் உண்டு. பையா, சவ்வா, எது முதல் என்று ஆய்வாளர்கள் நெடுநாளாக வாதிடுகிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று முடுக்குகின்றன என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கால்சியம் பட்டால் ஒளிரும் சாயம் ஏற்றிய செல்லின் காணொளி கிடைத்தால் அவசியம் பாருங்கள். இருண்ட செல்லில் முதலில் ஒரு பொட்டு மின்னி அணையும், பிறகு வேறோர் இடத்தில் இன்னொன்று. சட்டென்று செல் முழுவதும் பளிச்சிடும். ஒளி முந்தும், அசைவு அதன் பின்னால் வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

தொட்டுக்கொண்ட செல்களுக்கிடையே கனெக்சின் என்ற புரதம் நுண்குழாய்களை அமைக்கிறது. மின்னோட்டம் அதன் வழியே கடக்கும். பெரும்பாலும் வேகமாகத் துடிப்பது மற்றதைத் தன் தாளத்துக்கு இழுத்துக்கொள்ளும்.

ஒன்று சொல்ல வேண்டும். இப்படித் துடிப்பவை பெரும்பாலும் கருவின் செல்கள், பிறந்த குட்டிகளின் செல்கள், அல்லது பலவகைச் செல்லாக மாறக்கூடிய குருத்தணுவிலிருந்து வளர்த்தவை. முதிர்ந்த இதயத்தின் கீழறைச் செல் பக்கத்துச் செல்லிலிருந்து மின்னோட்டம் வரும்வரை சும்மா இருக்கும். அதன் சவ்வைப் பொட்டாசியம் மின்னோட்டம் பிடித்து நிறுத்தி வைக்கிறது. அங்கே பை நேரங்கெட்டுக் கசிந்தால் ஆபத்து. பையின் வாயாக இருக்கும் ரயனோடின் ஏற்பியில் பிறவிப் பிழை உள்ள சில குழந்தைகள், இதயத்தின் அமைப்பில் எந்தக் குறையும் இல்லாமலே, ஓடும்போதோ பதறும்போதோ தாளம் தப்பி மயங்கி விழுகிறார்கள். அவர்களுடைய தோலிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ எடுத்த செல்லை இதயச் செல்லாக மாற்றித் தட்டில் துடிக்கவிட்டு, எந்த மருந்து அந்தக் கசிவை அடக்குகிறது என்று இப்போது சோதிக்க முடிகிறது.