பழைய வரைபடங்களில் பல ஊர்கள் ஆற்று வளைவுக்குள்ளேயே இருப்பது ஏன்?

முதல் காரணம் காவல். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துக்கு 17ஆம் நூற்றாண்டில் மெரியன் என்ற செதுக்கோவியர் வெளியிட்ட வரைபடத்தைப் பாருங்கள். இணையத்தில் தேடினால் கிடைக்கும். ஆரெ ஆறு மூன்று பக்கமும் சுற்றி ஓடுகிறது, நடுவே ஒடுங்கிய மேட்டில் ஊர். 1191இல் நிறுவியவர்கள் மேற்கே ஒரு பக்கம் பெரிய மதில் கட்டினாலே பாதி வேலை முடிந்தது.

ஊர் பெருத்தபோது ஆறு வேறு வழி விடவில்லை. மேற்கே மட்டும்தான் நீள முடிந்தது. மணிக்கூண்டுக் கோபுரமான சைட்கிளோக்கெதான் ஊரின் முதலாவது மேற்கு வாயில். 13ஆம் நூற்றாண்டில் இன்னும் மேற்கே கெஃபிக்டுர்ம் என்ற அடுத்த வாயில் கோபுரம். 1340களில் கிறிஸ்டோஃபெல் கோபுரம். கடைசிக் கோபுரத்தை 1865இல் இடித்துவிட்டார்கள் (என்னைக் கேட்டால் வீண் வேலை). மரத்தின் வளையங்களைப் போல, ஊரின் வயதை இந்த வாயில்களை வைத்தே எண்ணலாம். பெரிய தெருக்கள் எல்லாம் மேட்டின் நீளவாக்கிலேயே ஓடுவதும் இதனால்தான்.

கிழக்கு முனையில் வரைபடம் காட்டுவது ஒரே ஒரு பாலம். 1840கள் வரை ஆரெயைக் கடக்க அது ஒன்றுதான்.

இதில் ஒரு வேடிக்கை: சுற்றிலும் ஆறு இருந்தும் மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது. அதனால் மேற்கிலிருந்து ஓர் ஓடையைத் தெரு நடுவே வாய்க்காலாகக் கொண்டுவந்தார்கள். ஆற்றின் விசை தேவைப்பட்ட ஆலைகள் கீழே, கரையோர மாட்டெ பகுதியில் அமைந்தன. 2005 வெள்ளத்தில் மூழ்கியதும் அந்த மாட்டெதான்.