ஏமாந்தாரா, ஏமாற்றினார்களா?

ஐயா, ஏமாற்றுதல், வஞ்சித்தல் இரண்டும் ஒன்றுதானா? வஞ்சனை வடசொல் என்கிறார்களே, தவிர்க்க வேண்டுமா? போன மாதம் கோர்ட்டிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒரு போன் அழைப்பை நம்பி அம்மா 18,000 வெள்ளி (ரிங்கிட்) ஏமாந்துவிட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை, படித்தவர், எப்படி ஏமாந்தார் என்றே புரியவில்லை. அதிலிருந்து இந்தச் சொற்கள்தான் மனதில் ஓடுகின்றன.
ம., பட்டர்வொர்த்

அன்புள்ள ம.,

வடசொல்லாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். வள்ளுவரே கூடாவொழுக்கம் அதிகாரத்தை ‘வஞ்ச மனத்தான்’ என்றுதான் தொடங்குகிறார். ஏமாற்ற ஒரு பொய் போதும். வஞ்சிக்க முதலில் உறவாடி நம்பவைக்க வேண்டும். சரி, அது கிடக்கட்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. இத்தனை சின்னக் கடிதத்தில் அம்மா ‘ஏமாந்தார்’ என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். அந்த வினையில் திருடன் எங்கே? மாறு, மாற்று போல ஏமாறு தன்வினை, ஏமாற்று பிறவினை. ‘ஏமாந்தார்’ என்றதும் செய்தவன் வாக்கியத்தை விட்டே நழுவிவிடுகிறான், தானாகத் தடுக்கி விழுந்தவர் மாதிரி அம்மா மட்டும் நிற்கிறார். மலாய்க்காரர்கள் ‘கெனா திப்பு’ என்பார்கள், அடிபட்டதைச் சொல்லும் அதே ‘கெனா’. அடி என்றால் அடித்தவன் ஒருவன் இருக்கிறான்.

என் அப்பா லெபோ பாசாரில் ஒரு மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளை. கூட வேலை பார்த்தவரின் கார் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார், அந்த ஆள் காரோடு காணாமல் போனார். நான்கு வருஷம் மாதாமாதம் வரிசையில் நின்று அப்பாதான் கட்டினார். வீட்டுக்கு வந்ததும் ரசீதைச் சுவரோரம் தொங்கிய கம்பியில் குத்திவிட்டுச் சட்டையைக் கழற்றுவார். அடியிலிருந்த ரசீதுகள் மஞ்சளாகிப்போன பிறகும் ‘நான் ஏமாந்துட்டேன்’ என்றுதான் சொன்னார், ‘அவன் ஏமாத்திட்டான்’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. நாங்களும் ‘அப்பா வெகுளி’ என்று சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

படித்தவர் எப்படி என்று இனிமேல் கேட்காதீர்கள். சட்டத்துக்குப் பயந்து வாழ்ந்தவர்தானே கோர்ட் என்றதும் பதறுவார்? நம் மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 420ஆம் பிரிவு 10 ஆண்டுவரை சிறை, பிரம்படி, அபராதம் என்கிறது, எல்லாம் ஏமாற்றியவனுக்கு. ஏமாந்தவருக்குத் தண்டனை கொடுப்பது நீங்கள்தான்.

அப்புறம், பணம் போனதுமே மோசடிப் புகார் எண் 997க்கு அழைத்தீர்களா? போலீஸில் புகார் கொடுத்தீர்களா? கடிதத்தில் ஒரு வரி இல்லை. கொடுக்கவில்லையென்றால் நாளைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே நீங்கள் முந்திக்கொண்டு பேசாதீர்கள். ‘என்னை ஏமாத்திட்டாங்க’ என்று அவரே சொல்லட்டும்.