விரியாத செம்பருத்தி

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் உறவினர் வீட்டிலிருந்து ஒரு குச்சி ஒடித்து வந்து வேலியோரம் ஊன்றினேன். இப்போது ஆள் உயரம். செக்கச்செவேல் என்று பூக்கிறது, ஆனால் ஒரு பூவும் விரிவதில்லை. மடக்கிய குடை மாதிரி தொங்கிவிட்டு உதிர்ந்துபோகிறது. உரக்கடையில் சத்துக்குறைவு என்று இரண்டு முறை மருந்து கொடுத்தார்கள். படம் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: முதலில் மருந்தை நிறுத்துங்கள் அம்மா. செடிக்கு ஒரு குறையும் இல்லை. அது செம்பருத்தியே இல்லை, செம்பருத்திக்குப் பங்காளி. மிளகாய்ச் செம்பருத்தி என்பார்கள். தாவரவியல் பெயர் மால்வாவிஸ்கஸ் பென்டுலிஃப்ளோரஸ். பின்பாதிக்குத் தொங்கும் பூ என்றே அர்த்தம். ஐந்து இதழும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டுதான் பிறக்கும், அப்படியே உதிரும்.

சந்தேகமிருந்தால் பூவின் வாயிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைப் பாருங்கள். அதன் நுனியில் குண்டூசித் தலை போலச் சின்னச் சின்ன சூல்முடிகள் இருக்கும். செம்பருத்தி என்றால் 5, இது என்றால் 10. உங்கள் படத்தைப் பெரிதாக்கி ஒன்பது வரை எண்ணிவிட்டேன். பத்தாவது பின்பக்கம் இருக்க வேண்டும். பூ சிறிதாக, நிமிர்ந்து நின்று, சிவப்புப் பழமும் பிடித்தால் அது மால்வாவிஸ்கஸ் ஆர்போரியஸ் என்ற இன்னொரு இனம். உங்களுடையது தொங்குகிறது, அதனால் குழப்பமில்லை.

பூர்வீகம் மெக்சிகோ பக்கம். அங்கே ஓசனிச்சிட்டு நீள அலகை உள்ளே விட்டுத் தேன் குடிக்கும். நம் ஊர்த் தேன்சிட்டு அவ்வளவு சிரமப்படாது. இதழின் அடியில் ஓட்டை போட்டு உறிஞ்சிவிட்டுப் போய்விடும். உதிர்ந்த பூவைத் திருப்பிப் பாருங்கள், அந்தத் துளை தெரியலாம். இங்கே காய் பிடிப்பது அபூர்வம். குச்சியால்தான் பரவுகிறது.

அதில் எனக்கு அனுபவம் உண்டு. காட்பாடி வீட்டில் கவாத்து செய்த குச்சிகளைச் சாக்கடையோரம் போட்டுவைத்தேன். ஐப்பசி மழை விட்டதும் பார்த்தால் ஏழெட்டு துளிர்த்து நிற்கிறது. பிடுங்க மனசில்லாமல் விட்டது தப்பு. இப்போது தெருமுனை வரை அதுதான் வேலி.

அக்னி நட்சத்திர வெயிலில் இலை துவண்டால் பயப்பட வேண்டாம், சாயங்காலம் தண்ணீர் ஊற்றினால் நிமிர்ந்துவிடும். நுனிக்கிளையில் மாவுப்பூச்சி வந்தால் மட்டும் அந்தக் கிளையை வெட்டி எடுங்கள். வெட்டியதை மண்ணில் போடாதீர்கள்.