மூன்றாம் நாளே அன்ரிபயோட்டிக் ஊசியை நிறுத்துவது ஏன்?

மட்டக்களப்பில் தாயாரை வாட்டில் சேர்த்துவிட்டு இதைக் கேட்டிருக்கிறீர்கள். அலட்சியம் என்று எண்ணிவிட வேண்டாம். தொடங்கி 48 முதல் 72 மணி நேரத்தில், இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் நோயாளியின் நிலையையும் பார்த்து, மருந்து இன்னும் தேவையா என்று மீண்டும் முடிவெடுப்பதே நல்ல முறை.

இம்மருந்து குடலின் நல்ல பக்டீரியாக்களையும் அழிக்கிறது. அந்த வெற்றிடத்தில் குளொஸ்ரிடியோயிடிஸ் டிஃபிசில் என்னும் கெட்ட பக்டீரியா பெருகினால் கடும் வயிற்றோட்டம் வரும். அதன் வித்துகள் (கடினமான உறையுள்ள உறங்குநிலை வடிவம்) கட்டில் சட்டத்திலும் கதவுப் பிடியிலும் மாதக்கணக்கில் கிடக்கும். கைக்குப் பூசும் அல்ககோல் திரவத்துக்கும் சாகாது. சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரில் கழுவத்தான் வேண்டும். பார்க்க வரும் உறவினர் அனைவருக்கும் இதைச் சொல்லுங்கள்.

வைத்தியசாலை, எந்த வாட்டில் எந்த அன்ரிபயோட்டிக் எவ்வளவு போகிறது என்று கணக்கெடுத்து, அதை எழுதிக்கொடுத்த வைத்தியர்களிடமே காட்டினால் வீண் பாவனை குறைகிறது. அம்மாவின் பரிசோதனை முடிவு என்னவென்று தயங்காமல் கேளுங்கள்.