ஆச்சி பதில்கள்: வளவில் ஒரு பலகைத் தளம்

கேள்வி: ஆச்சி, கானாடுகாத்தானில் எங்கள் பாட்டையா கட்டிய வீடு, கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்றால்தான் திறக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எழுத்தாளரையும் நடனக் கலைஞரையும் ஒரு பருவம் தங்கவைத்து, அவரவர் வேலையைச் செய்யவிடுகிறார்களாம். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறதே, அதோடு பேசி நம் வீட்டை இதற்குக் கொடுக்கலாமா? 'பாடம் நடத்தாதவர்களால் பிள்ளைகளுக்கு என்ன பயன்' என்கிறார்கள் பங்காளிகள்.
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: தாராளமாகக் கொடுங்கள். பாடம் நடத்தப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். வந்து தங்குகிற கலைஞரிடம் கிடைப்பது வேறு. அபிநயத்துக்கான பாட்டாகிய ஒரு பதத்தின் ஒரே வரிக்கு ஏழெட்டு விதமாக அபிநயம் பிடித்துப் பார்த்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுகிற காலைப் பொழுது எந்த மேடைக்கும் வராது. எழுத்தாளர் அடித்து நீக்கிய வரிகளும் அச்சுக்கு வராது. அதைப் பக்கத்திலிருந்து பார்த்த பிள்ளைக்கு வேலை என்றால் என்னவென்று புரியும்.

இது புதுப் பழக்கமும் இல்லை. 1921-லேயே மிச்சிகன் பல்கலைக்கழகம் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்டை இப்படி அழைத்துத் தங்கவைத்தது. அமெரிக்காவின் அயோவாவில் 1967-ல் தொடங்கிய சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்கு நம் அசோகமித்திரன் 1973-ல் போனார். அங்கே கண்டதெல்லாம் பின்னால் நாவலாயிற்று. பரதநாட்டியம் ஆடிய பாலசரஸ்வதி அம்மா 1962-ல் அமெரிக்கா போய், கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொடுத்தார். அவர் தம்பி, மிருதங்கம் ரங்கநாதன், அடுத்த ஆண்டே அங்கு தங்குகலைஞராகச் சேர்ந்தார். நம் கலைக்கு அவர்கள் கொடுத்த இடத்தை நாம் நம் ஊரில் கொடுக்கவேண்டாமா?

இனி வீட்டுக்கு வருவோம். வளவை, அதாவது நடு முற்றத்தையும் அதைச் சுற்றிய தாழ்வாரத்தையும் பார்த்ததும் ஆட ஆசை வரும். ஆனால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் மேல் தினமும் தட்டடவு, அதாவது பாதத்தைத் தட்டி ஆடும் அடவு, போட்டால் முழங்காலும் கெண்டைக்காலும் போய்விடும். நான் நடனம் சொல்லிக்கொடுத்தவள், அந்த வலியைப் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். ரீப்பர் கட்டைகளை வரிசையாகக் கிடத்தி, மேலே கனமான பிளைவுட் அடித்து ஒரு தளம் செய்யுங்கள். மிதித்தால் லேசாகக் கொடுக்கவேண்டும். கட்டைக்கு அடியில் ரப்பர் ஒட்டிவிட்டால் கல்லில் கீறல் விழாது. தரையில் ஆணி வேண்டவே வேண்டாம். மேலே வார்னிஷும் வேண்டாம், கால் வழுக்கும்.

எழுத்தாளருக்கு இரண்டாங்கட்டில் ஓர் அறை, மேசை, நல்ல நாற்காலி, உள்ளிருந்து தாழ் போடக்கூடிய கதவு. பழைய வீடுகளில் கழிப்பறை பின்கட்டுக்கும் அப்பால் இருக்கும். தனியாகத் தங்குகிற பெண் ராத்திரி அவ்வளவு தூரம் நடக்கக்கூடாது. அறைக்குப் பக்கத்திலேயே கட்டிவிடுங்கள். முதல் செலவு அதுதான்.

இன்னொன்று, நம் உபசரிப்பு. பணியாரமும் கவுனியரிசியும் கொடுங்கள், ஆனால் வேளைக்கு வேளை உட்கார்ந்து பேச்சுக்கு இழுக்காதீர்கள். வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஆடிக் காட்டச் சொல்லவும் கூடாது. வாரத்தில் ஒரு நாள் மாணவர்களுக்குக் கதவு திறக்கட்டும், மற்ற நாள் அவர்களுடையது.

பங்காளிகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகு பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போடுங்கள். பயணச் செலவும் மாதத் தொகையும் யார் பொறுப்பு, அங்கே உருவாகும் படைப்பு கலைஞருக்கே சொந்தம், பருவம் முடியும்போது அது முடிந்திருக்கவேண்டிய கட்டாயமில்லை: மூன்றும் எழுத்தில் இருக்கட்டும்.

கேள்வி: நடனத்துக்காக இப்படி ஒரு அழைப்புக்கு விண்ணப்பிக்கிறேன், ஆச்சி. எதை அனுப்பலாம்?
– மாணவி, தேவகோட்டை

பதில்: ஒரே கேமராவில், வெட்டு ஒட்டு இல்லாமல், தலை முதல் பாதம் வரை தெரிகிற வீடியோ. பரிசுச் சான்றிதழ்களை அடுக்காதே, அம்மா. அங்கே போய் என்ன செய்யப்போகிறாய் என்பதை ஒரு பக்கத்தில் நீயே எழுது. வேறு யாரையும் எழுதச் சொல்லாதே.